பொதுப்பணமும் பயனறியா ஆராய்ச்சியும்

அரசின் கருவூலத்தில் உள்ள பொருள் ஆள்வோர்க்கு உரியது அன்று. உழவன் வாங்கும் கருவியிலும், நெசவாளி வாங்கும் சாயத்திலும், கூலியாள் வாங்கும் தீப்பெட்டியிலும் வரியாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்ததே அப்பொருள். ஆதலின், அதனைச் செலவிடுவோர் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கூறக் கடமைப்பட்டவர் ஆவர். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினால் இன்ன ஊர்கள் இணையும் என்று முன்னரே கூறலாம். ஏரிக்கரையை உயர்த்தினால் இத்தனை ஏக்கர் நிலம் விளையும் என்று கணக்கிடலாம். கிணறு வெட்டுவதில் மட்டும் சிறிது ஐயம் உண்டு. நீர் ஊறினும் ஊறும், பாறை தட்டினும் தட்டும். எனினும், வெட்டுவோன் தேடுவது நீர் என்பதில் அவனுக்கு ஐயம் இல்லை. நீர் கிடைத்தபின் அதனைக்கொண்டு செய்வது யாது என்பதிலும் ஐயம் இல்லை.

அறிவியல் ஆராய்ச்சியுள் ஒருவகை இதனினும் வேறானது. தேடும் பொருளைக் காணுதல் கூடுமோ என்பது தெரியாது. அதனைக் காணத்தக்க கருவியை மனிதர் செய்ய இயலுமோ என்பது தெரியாது. கண்டபின் அதனால் யார்க்கு என்ன பயன் விளையும் என்பதும் தெரியாது. இத்தகைய ஆராய்ச்சிக்கு மக்களின் வரிப்பணத்தை வழங்குதல் முறையாகுமா? ‘ஆகும்’ என்று அறிவியலார் உடனே விடை கூறுவர். அவர்கள் அப்பணத்தைப் பெறுவோர் ஆதலின், அவ்விடையை மட்டும் கொண்டு அமைதல் இயலாது. ‘ஆகாது’ என்று சிக்கனம் பேசுவோர் கூறுவர். அவர்கள் கையில் உள்ள தொலைபேசியும், அவர்கள் உண்ணும் மருந்தும் ஒரு காலத்தில் பயனறியா ஆராய்ச்சியாக இருந்தவற்றிலிருந்தே பிறந்தன என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இவ்வினாவை வெறுஞ்சொற்களால் வாதிப்பதினும், மேற்கூறிய மூன்று ஐயங்களும் ஒருங்கே அமைந்த ஒரு முயற்சியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் நன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஈர்ப்பலையைத் தேடி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்ற முயற்சி அத்தகையது.

குளத்தில் கல்லை எறிந்தால் நீர் வளையம் வளையமாக நெளிந்து கரையை நோக்கிச் செல்வதைக் காணலாம். அதுபோல, பெருநிறை கொண்ட விண்பொருள்கள் ஒன்றையொன்று விரைந்து சுற்றும்போதும் மோதும்போதும், அவற்றைச் சூழ்ந்த வெளியே நெளிந்து, அந்நெளிவு ஒளியின் வேகத்தில் எத்திசையும் பரவும் என்று ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1916ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் கூறினார். இந்நெளிவே ஈர்ப்பலை எனப்படும். அதனை மொழிந்தவர்க்கே அதன்மேல் உறுதி நிலைத்திலது. 1936ஆம் ஆண்டில் அவர், ஈர்ப்பலை இல்லை எனக் கருதி ஒரு கட்டுரை எழுதி, பின்னர்ப் பிழையுணர்ந்து திருத்திக் கொண்டார். அலை உண்டு என்று கொண்டாலும், அது பூமியை வந்து அடையும்போது எவ்வளவு நுண்ணியதாய்த் தேய்ந்திருக்கும் என்பதை எண்ணுதல் வேண்டும். நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோலை வைத்திருந்தால், அக்கோலின் நீளம் ஓர் அணுவின் அளவுகூட மாறாது. அணுவின் நடுவே இருக்கும் புரோட்டான் என்னும் துகளின் குறுக்களவை ஏறத்தாழ நானூறு கூறு செய்தால், அவற்றுள் ஒரு கூறு அளவே மாறும். இதனை அளந்தறிய முடியும் என்று ஒருவர் கூறின், அவரைக் கனவு காண்பவர் என்று உலகம் நகைத்தல் இயல்பே.

முதன்முதலில் அளக்க முயன்றவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வெபர் என்பவர். அலை வந்து தாக்கினால் மணிபோல் அதிரும் என எண்ணி, அவர் பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டார். ஈர்ப்பலையைக் கண்டுவிட்டதாக 1969ஆம் ஆண்டில் அறிவித்தார். உலகம் வியந்தது. அவ்வாறே உருளை அமைத்து வேறு பலர் முயன்றனர். ஒருவர்க்கும் அவ்வதிர்வு புலப்படவில்லை. வெபரின் அறிவிப்பு பிழை என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். அவரோ 2000ஆம் ஆண்டில் மறையும்வரை தம் கூற்றைக் கைவிட்டிலர். அவர்க்கு அளித்த பணம் வீண் என்று கூறிவிடலாமா? அவருடைய அறிவிப்பு வந்திராவிடின், பின்வந்தோர் பலர் இத்துறையை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்பின்வந்தோருள் ஒருவர் ரைனர் வைஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராய் இருந்த அவர், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையைப் பாடமாக நடத்தும்போது, வெபரின் கருவியைப் பற்றி மாணவர்கள் வினவினர். அதனை மாணவர்க்கு விளக்கும் வகை அவர்க்கே புலப்படவில்லை. ஆதலின், வேறொரு வழியை அவரே எண்ணினார். ஒன்றற்கொன்று செங்குத்தாக இரு நீண்ட பாதைகளை அமைத்து, லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து அவற்றுள் செலுத்தி, பாதைகளின் கோடியில் உள்ள கண்ணாடிகளில் பட்டு மீண்டுவரும் ஒளியை ஒன்றுசேர்த்தால், ஒரு பாதை நீண்டு மற்றொன்று குறுகும் நுண்ணிய வேறுபாட்டை அறியலாம் என்பதே அவ்வழி. 1972ஆம் ஆண்டில் அவர் எழுதிய அறிக்கை, தம் கருவியின் பெருமையைப் பேசுவதினும், அதனைக் கெடுக்கக் கூடிய இடையூறுகள் எவையெவை என்பதையே மிகுதியாகப் பேசிற்று. நில அதிர்வு, வெப்பம், ஒளியின் தடுமாற்றம் என ஒவ்வோர் இடையூறும் எவ்வளவு என்று அவர் கணக்கிட்டிருந்தார். பணம் கேட்போர் தம் குறைகளைத் தாமே எண்ணிக் காட்டுதல் அரிது அன்றோ!

ஆயினும் பணம் எளிதில் வரவில்லை. அவர் பணியாற்றிய ஆய்வுக்கூடத்திற்கு அதுவரை படைத்துறையின் பொருளுதவி கிடைத்து வந்தது. போர்ப்பணியோடு நேர்த்தொடர்பு இல்லாத ஆராய்ச்சிக்குப் படைத்துறைப் பணத்தை வழங்கலாகாது என்று, மைக் மேன்ஸ்பீல்டு என்னும் செனட்டு அவை உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் 1970ஆம் ஆண்டுக்கான சட்டத்தில் இடம் பெற்றது. அத்திருத்தம் தன்னளவில் நேர்மையானதே. படைக்கு ஒதுக்கிய பணம் படைக்கே செல்லுதல் வேண்டும். எனினும், அதன் விளைவாக வைஸ் தொடங்கிய சிறிய கருவி பாதியில் நின்றது. பின்னர் அவர் தேசிய அறிவியல் நிறுவனம் என்னும் அரசு அமைப்பை நாடினார். 1970-களின் நடுவில் அந்நிறுவனம் அவர்க்குச் சிறு தொகை ஒன்றை அளித்தது.

வணிகர் எவரேனும் இதற்குப் பொருள் வழங்கியிருக்க மாட்டாரா என்று கேட்கலாம். வழங்கியிருக்க மாட்டார், அதில் அவரைக் குறைகூற இடமில்லை. மருந்து கண்டவன் அதனை விற்கலாம். பொறி கண்டவன் அதற்கு உரிமம் பெறலாம். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன்னர் இரண்டு விண்பொருள்கள் மோதின என்னும் செய்தியை எவர்க்கு விற்பது? அச்செய்தி கிடைத்த கணத்திலேயே அது உலகினர் அனைவர்க்கும் பொது ஆகிவிடும். எல்லார்க்கும் உரியதாகி, எவர்க்கும் தனியுடைமை ஆகாத பொருளைத் தேடும் செலவை எல்லாரும் கூடியே ஏற்றல் வேண்டும். எல்லாரும் கூடி ஏற்கும் வழி அரசு ஒன்றே ஆகும்.

அரசு அலுவலர் என்றாலே கோப்பின்மேல் கோப்பு அடுக்கித் தடை கூறுவோர் என எண்ணுவார் உளர். இவ்வரலாற்றில் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்த ஓர் அலுவலரும் உண்டு. ரிச்சர்டு ஐசக்சன் என்னும் அவர், தேசிய அறிவியல் நிறுவனத்தில் ஈர்ப்புத்துறைக்குப் பொருள் வழங்கும் பொறுப்பில் இருந்தார். ஈர்ப்பலையின் கணக்கியலை ஆராய்ந்தே முனைவர் பட்டம் பெற்றவர் ஆதலின், கேட்போர் கூறுவதில் மெய்யெது மிகையெது என்று அவர் அறிவார். சிறு கருவிக்குச் சிறு பணம்; அது கூறியபடி இயங்கினால் அடுத்த படிக்கு அடுத்த பணம் என்று ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது. கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்துக் கிப் தோர்ன், ஸ்காட்லாந்திலிருந்து வந்த ரொனால்டு டிரெவர் ஆகியோரும் வைஸோடு சேர்ந்தனர். 1990ஆம் ஆண்டில் பெருங்கருவியை அமைக்கும் திட்டத்திற்கு அந்நிறுவனத்தின் வாரியம் ஒப்புதல் அளித்தது. லைகோ என்பது அதன் பெயர். கட்டுமானத்திற்கு மட்டும் 27 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. அதற்குமுன் அந்நிறுவனம் ஒரே பணிக்கு அத்துணைப் பெருந்தொகை வழங்கியதில்லை.

எதிர்ப்பு மூண்டது. எதிர்த்தவர்கள் கல்லாதார் அல்லர். வானியல் அறிஞர்களே முன்னின்று எதிர்த்தனர். பெல் ஆய்வுக்கூடத்து அந்தோணி டைசன் 1991ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றமாகிய காங்கிரசின் குழுமுன் தோன்றி, இத்திட்டத்தை இப்போது மேற்கொள்ளுதல் தகாது என்று கூறினார். அவர் தாமே முன்பு உருளை அமைத்து ஈர்ப்பலையைத் தேடியவர். ஆதலின், அறியாமல் பேசினார் என்று அவரை ஒதுக்குதல் இயலாது. அதுவரை எட்டிய நுட்பத்திற்கும் இனி எட்ட வேண்டிய நுட்பத்திற்கும் இடையே பெரும்பள்ளம் இருந்தது. அப்பணத்தைக் கொண்டு தொலைநோக்கிகள் பல அமைக்கலாம். அவை உறுதியாக எதையேனும் காட்டும். இக்கருவியின் பெயரில் ‘நோக்ககம்’ என்னும் சொல் இருத்தலே சிலர்க்குப் பொறுக்கவில்லை. ஒன்றையும் நோக்காத ஒன்றை நோக்ககம் என்பது எங்ஙனம் என்று அவர்கள் கேட்டனர். இவ்வாதங்கள் வலிமை உடையன. அரசின் பணம் அளவுடையது ஆதலின், ஓர் ஆராய்ச்சிக்குக் கொடுப்பது மற்றோர் ஆராய்ச்சிக்கு மறுப்பதாகவும் முடியும். எதிர்த்தவர்களைப் பின்னாளில் குறுகிய நோக்கினர் என்று இகழ்ந்தோரும் உண்டு. அவ்விகழ்ச்சி தகாது, அவர்கள் கேட்ட கேள்விகள் கேட்கப்பட வேண்டியவையே.

அக்கேள்விகளுக்குத் திட்டத்தார் அளித்த விடையே ஈண்டுக் கருதத்தக்கது. முதலில் அமைக்கும் கருவி எதையேனும் காணலாம், காணாமலும் போகலாம். அதனைத் திருத்தி அமைக்கும் இரண்டாம் கருவியிலேயே காணும் வாய்ப்பு மிகுதி என்று அவர்கள் தம் விண்ணப்பத்திலேயே எழுதினர். அரசு அதனை அறிந்தே ஒப்பியது.

வாஷிங்டன் மாநிலத்து ஹான்போர்டில் ஒன்றும், அதற்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்டனில் ஒன்றுமாக இரு கருவிகள் அமைக்கப்பட்டன. ஓரிடத்தில் வண்டி ஓடினாலும் கருவி அதிரும். இரண்டிடத்திலும் ஒரே வகை அதிர்வு ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்தால்தான் அது விண்ணிலிருந்து வந்தது எனக் கருதலாம். ஒவ்வொரு கருவிக்கும் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள். அக்கைகளாகிய குழாய்களில் காற்று முழுதும் நீக்கப்பட்டது. நிலம் ஒருபோதும் அசையாது நிற்பதன்று என்பதைக் கருவியாளர் அப்போது நன்கு உணர்ந்தனர். தொலைவில் கடலலை மோதுவதும், புகைவண்டி செல்லுவதும், லிவிங்ஸ்டன் காட்டில் மரம் வெட்டி வீழ்த்துவதும் கருவியில் எதிரொலித்தன. பின்னாளில் ஹான்போர்டில், காக்கையினப் பறவைகள் தாகத்தால் குழாயின்மேல் படிந்த பனிக்கட்டியைக் கொத்தியதும் பதிவாயிற்று! இவற்றை ஒவ்வொன்றாய் இனங்கண்டு விலக்குவதிலேயே அறிஞர்களின் வாழ்நாள் கழிந்தது.

2002ஆம் ஆண்டு முதல் 2010ஆம் ஆண்டு வரை கருவிகள் இயங்கின. ஈர்ப்பலை ஒன்றும் புலப்படவில்லை. எட்டாண்டு உழைப்பும் கோடிக்கணக்கான டாலரும் செலவிட்டு, ‘ஒன்றும் காணவில்லை’ என்று எழுதி வெளியிடுதல் எளிதன்று. அவர்கள் எழுதி வெளியிட்டனர். அதனினும் வியத்தற்குரியது ஒன்று உண்டு. ஆராய்வோர் தம்மையே ஏமாற்றிக் கொள்ளாதிருக்கும்பொருட்டு, அவர்களுள் மிகச் சிலர் மட்டும் அறியுமாறு, பொய்யான அடையாளம் ஒன்றைக் கருவியில் கமுக்கமாகப் புகுத்தும் வழக்கம் அங்கு இருந்தது. 2010 செப்டம்பரில் ஓர் அடையாளம் தோன்றியது. நூற்றுக்கணக்கான அறிஞர்கள் ஆறு திங்கள் அதனை ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்தனர். 2011 மார்ச்சில் அனைவரும் கூடிய அவையில் உண்மை வெளியிடப்பட்டது: அது புகுத்தப்பட்ட பொய்யடையாளம்! அவர்களுடைய ஏமாற்றத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும், மெய்யான அலை வந்தால் இவர்கள் தவறாது காண்பர் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. வெபர்க்கு நேர்ந்த இழுக்கு தமக்கு நேராதிருக்க அவர்கள் கொண்ட காவல் இது.

பின்னர், முன்னரே எழுதியிருந்தபடி, கருவிகள் திருத்தி அமைக்கப்பட்டன. 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகள் மெல்லிய இழைகளில் தொங்கவிடப்பட்டன. 2015 செப்டம்பர் 14ஆம் நாள், முறையான பதிவு தொடங்குவதற்கு முன்னரே, லிவிங்ஸ்டன் கருவி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் அதிர்ந்தது. ஆயிரத்தில் ஏழு பங்கு நொடி கழித்து ஹான்போர்டு கருவியும் அவ்வாறே அதிர்ந்தது. புகுத்தப்பட்ட பொய்யோ என்பதே எல்லார்க்கும் எழுந்த முதல் ஐயம். அன்று எவரும் எதனையும் புகுத்தவில்லை. ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுடைய இரு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மோதி ஒன்றானபோது எழுந்த அலை அது. 2016 பிப்ரவரி 11ஆம் நாள் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை தேசிய அறிவியல் நிறுவனம் இம்முயற்சிக்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 110 கோடி டாலர். 2017ஆம் ஆண்டில் வைஸ், தோர்ன், பாரி பாரிஷ் ஆகிய மூவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. டிரெவர் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டார்.

வென்றமையால் அரசு செய்தது சரி என்று கூறுதல் பிழையான வாதம். பரிசுச்சீட்டில் பணம் விழுந்தமையால் சீட்டு வாங்குதல் அறிவுடைமை ஆகிவிடாது. வென்ற கதைகளை மட்டும் எடுத்துரைத்துப் பணம் கேட்கும் வழக்கம் அறிவியலாரிடையே உண்டு. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் கொதிநீர் ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிர்களைத் தாமஸ் பிராக் என்பவர் 1960-களில் அரசின் உதவியோடு ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றிலிருந்து எடுத்த நொதியே, பிற்காலத்தில் மரபுப்பொருளைப் பல்கிப் பெருகச் செய்யும் முறைக்கு உயிராயிற்று. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றை அறிய மூக்கில் பஞ்சுக்குச்சி இட்டு எடுத்த சோதனையும் அம்முறையால் நடந்ததே. இது முற்றும் உண்மை. ஆனால், வேறு எத்தனையோ ஊற்றுகளை எத்தனையோ பேர் ஆராய்ந்து, அவ்வாராய்ச்சி நூலக அலமாரியில் உறங்குவதும் உண்மை. இந்த ஊற்றில் மருத்துவம் இருக்கிறது என்று பிராக் கூறிப் பணம் கேட்கவில்லை. கூறியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.

ஆதலின், தோற்ற முயற்சி ஒன்றையும் உடன்வைத்துக் காணுதல் வேண்டும். லைகோத் திட்டம் உருவான காலத்திலேயே, டெக்சாஸ் மாநிலத்து வாக்ஸஹாச்சி என்னும் ஊரின் நிலத்தடியில், 87 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கம் தோண்டி, அதனுள் துகள்களை எதிரெதிரே விரையச் செய்து மோதவிடும் பெரும்பொறி ஒன்றை அமைக்க அமெரிக்க அரசு 1987ஆம் ஆண்டில் முற்பட்டது. ஈர்ப்பலையைக் காட்டிலும் இதில் அறிவியல் ஐயம் குறைவு. இத்தகைய பொறிகள் முன்னரே இயங்கியவை. இது அவற்றினும் பெரியது, அவ்வளவே. ஆயினும் தொடக்கத்தில் 440 கோடி டாலர் என்று கூறிய செலவு, 1993-இல் 1,100 கோடியாக உயர்ந்தது. பிற நாடுகள் பங்கு தரும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. 1993 அக்டோபரில் காங்கிரசு அதனை நிறுத்தியது. அதற்குள் 200 கோடி டாலர் செலவாகி, 20 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கமும் தோண்டப்பட்டிருந்தது. அப்பொறியும் தேடவிருந்த ஹிக்ஸ் துகளை, 2012ஆம் ஆண்டில் ஐரோப்பியர் ஜெனீவாவின் அருகே அமைத்த பொறியில் கண்டனர். காங்கிரசு ஆண்டுதோறும் தயங்கித் தயங்கிப் பணம் தந்தமையாலேயே செலவு பெருகியது என்று அத்திட்டத்தை ஆதரித்தோர் கூறினர். அதிலும் உண்மை உண்டு.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். விளைவின் ஐயம் வேறு; கணக்கின் ஐயம் வேறு. விளைவின் ஐயத்தை அரசு பொறுத்துக் கொள்ளலாம். அதனைப் பொறாத அரசு புத்தறிவு எதனையும் காணாது. கணக்கின் ஐயத்தைப் பொறுத்தல் ஆகாது. லைகோவிலும் 1990-களின் தொடக்கத்தில் பூசலும் குழப்பமும் செலவுப் பெருக்கமும் தலைகாட்டின. அப்போது தேசிய அறிவியல் நிறுவனம் பணத்தை இறுக்கிப் பிடித்தது, தலைமை மாற்றப்பட்டது. 1994-இல் பொறுப்பேற்ற பாரி பாரிஷ், டெக்சாஸ் பொறிக்காக உழைத்து, அது நின்றமையால் விடுபட்டவர். அங்குப் பயின்ற பொறியாளர் சிலரும் அவரோடு வந்தனர். திட்டத்தை மீண்டும் வகுத்து, கூடுதல் பணத்தின் தேவையை மறையாது கூறி, அதனைப் பெற்றுப் பணியை முடித்தவர் அவரே. தோண்டி மூடிய சுரங்கத்தின் செலவில் ஒரு சிறு பங்கு இவ்வாறு மீண்டது எனலாம்.

எதிர்த்து நின்ற வானியலார்க்கும் 2017 ஆகஸ்டு 17ஆம் நாள் விடை கிடைத்தது. இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலையை லைகோக் கருவிகள் கண்டன. இத்தாலியில் பைசா நகரின் அருகே அமைந்த விர்கோக் கருவியின் துணையால் அதன் திசையும் தெரிந்தது. பல நாட்டுத் தொலைநோக்கிகள் அத்திசையில் திரும்பி அம்மோதலின் ஒளியைக் கண்டன. பொன் முதலிய கனமான தனிமங்கள் இத்தகைய மோதலில் உண்டாகின்றன என்பதற்குச் சான்று கிடைத்தது. நோக்ககம் என்ற பெயர் அன்று பொருந்தியது.

செல்வம் மிக்க நாடு இவ்வாறு செலவிடலாம். குடிநீருக்கு ஏங்கும் ஊர்கள் உள்ள நாடு செலவிடலாமா? இவ்வினா இந்தியாவிற்கு வெறும் வாதப்பொருள் அன்று. ஈர்ப்பலை ஆராய்ச்சியில் இந்தியர் முன்னரே பங்கு கொண்டுள்ளனர். பெங்களூரில் பிறந்த விசுவேசுவரா என்னும் அறிஞர், அசைக்கப்பட்ட கருந்துளை கண்டாமணிபோல் அதிர்ந்து அடங்கும் என்பதை 1970ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். பூனாவில் சஞ்சீவ் துரந்தர் முதலியோர், இரைச்சலுக்கு நடுவே நுண்ணிய அடையாளத்தைப் பிரித்தெடுக்கும் கணக்குமுறைகளை வகுத்தனர். தாளும் எழுதுகோலும் கணிப்பொறியும் கொண்டு செய்த இப்பணிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. மூன்றாவது லைகோக் கருவியை இந்தியாவில் அமைக்க அரசு 2016 பிப்ரவரியில் கொள்கை அளவில் இசைந்தது. 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. கருவியின் முதன்மை உறுப்புகளை அமெரிக்கா தரும். இடம், மகாராட்டிர மாநிலத்து ஹிங்கோலி மாவட்டம். தொலைவான இடங்களில் கருவிகள் மிகுந்தால் அலை வந்த திசை துல்லியமாகத் தெரியும் என்பதே இங்கு அமைப்பதன் நோக்கம்.

அம்மாவட்டம் மராத்வாடாவைச் சேர்ந்தது. மழை பொய்த்து உழவர் வாடும் நிலம் அது. 2023-24ஆம் ஆண்டில் நடுவண் அரசின் செலவுத் திட்டம் 45 இலட்சம் கோடி ரூபாய். 2,600 கோடியை ஒரே ஆண்டில் செலவிட்டாலும், அது பத்தாயிரம் ரூபாயில் ஆறு ரூபாய்க்கும் குறைவு என்று கணக்குக் காட்டலாம். இக்கணக்கு, வாய்க்காலில் நீர் வாராத உழவனுக்கு விடை ஆகாது. அவன் ஊர் வாய்க்காலுக்கு வேண்டிய பணம் அதனினும் மிகச் சிறிது. அவனுடைய நீருக்கு உரிய பணத்தைக் குறைத்து இக்கருவிக்கு வழங்கியிருப்பின், அது தவறு. அவ்வாறன்றி, எல்லாத் தேவையும் நிறைவுறும்வரை ஆராய்ச்சி நிற்க வேண்டும் என்று கூறினால், நிலத்தடி நீரைக் காணும் கருவியும், மழையை முன்னறியும் செயற்கைக்கோளும் அந்நாட்டில் ஒருநாளும் தோன்றா. ஒப்புதலின்போது, கருவி 2030ஆம் ஆண்டளவில் இயங்கும் எனக் கூறப்பட்டது. எந்த அலையை அது காணும் என்று சொல்லுமாறு எவரும் கேட்க இயலாது. குறித்த காலத்தில் கட்டி முடிக்கப்பட்டதா, குறித்த பணத்தில் முடிந்ததா, மிகுந்ததாயின் ஏன் மிகுந்தது என்று கேட்கும் உரிமை, அறிவியல் கற்றார்க்கு மட்டுமன்றி, அந்நிலத்து உழவனுக்கும் உண்டு.